கண்ணைத் தொட்டுச் சொன்ன பெயர்

காசிநாதனால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சோற்றுத் தட்டுக்கு முன்னால்கூட ஒரு காலை மடக்கி, ஒரு காலைக் குத்திட்டு, யாராவது கூப்பிட்டால் அப்படியே எழுந்து போய்விடுகிறவர் மாதிரிதான் இருப்பார். "பஸ்ஸுல சீட்டு கெடைச்சவரு மாதிரியே உக்காருறீங்களே, இது நம்ம வூடுங்க" என்பாள் அவர் மனைவி தனம். அதற்குப் பதில் சொல்வதற்குள் அவர் கை கழுவப் போயிருப்பார்.

அரியலூர் ரயிலடிக்குப் பின்னால் இரண்டு அறை வாடகை வீடு. முன்சீப் கோர்ட்டில் சம்மன் கொடுக்கிற வேலை. தோளில் ஒரு காக்கிப் பை. பைக்குள் சம்மன் கட்டு, கைநாட்டு வாங்க மைப்பெட்டி, ஆளே அகப்படாத வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு வருவதற்குக் கோந்து பாட்டில். அந்தப் பாட்டிலுக்கு மூடி சரியாகப் பொருந்தாது. அதனால் அவருடைய சட்டைகளெல்லாம் இடது பக்கம் மட்டும் கஞ்சி போட்டது போல விறைத்திருக்கும்.

கீழப்பழுவூரைச் சுற்றி, பஸ் போகிற ஊர், போகாத ஊர், மழை பெய்தால் சைக்கிளும் போகாத ஊர் எல்லாம் அவர் காலுக்குத் தெரியும். ஊர்களுக்கும் அவரைத் தெரியும். தொல்லையே அதுதான். காக்கிப் பை களத்து மேட்டில் தெரிந்ததுமே "அமீனா வராரு" என்று குரல் ஓடிவிடும். அவர் அமீனா இல்லை. அமீனா வருவது வழக்கு முடிந்து, தீர்ப்பை நிறைவேற்றுவதற்கு. இவர் வருவது வழக்கு தொடங்கும்போது, "உன் மேல் கேஸ் போட்டிருக்கிறார்கள், இன்ன தேதிக்கு வா" என்று சொல்வதற்கு. இதை எத்தனையோ ஊரில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறார். "முன்னால வந்தா என்னா, பின்னால வந்தா என்னா, ரெண்டு பேரும் நல்ல சேதியோட வர்றதில்லையே" என்று ஒரு கிழவர் கேட்டதிலிருந்து விளக்குவதை விட்டுவிட்டார்.

சம்மனை வாங்காமல் இருக்க ஜனங்கள் படுகிற பாட்டைப் பார்த்தால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். குதிருக்குள் இறங்கி உட்கார்ந்தவர் உண்டு. மஞ்சள் காமாலை என்று வேப்பிலை போர்த்திப் படுத்தவர் உண்டு. ஒருவர் தானே எதிரில் வந்து, "அவரு செத்து ரெண்டு மாசம் ஆச்சுங்களே" என்றார்.

"அடப் பாவமே. காரியத்துக்குச் சாப்பாடெல்லாம் போட்டாங்களா?"

"வடை பாயசத்தோடங்க."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"எனக்கு எங்கங்க நேரம், வந்தவங்களைக் கவனிக்கவே..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டு, பிறகு அவரே சிரித்துக் கையெழுத்துப் போட்டார்.

கொடுத்து முடிப்பதற்குக் கோர்ட்டில் 'சார்வு' என்று பெயர். சார்வு ஆகிவிட்டது என்று காசிநாதன் எழுதிச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டால், எதிராளிக்கு விஷயம் தெரியும் என்பது கோர்ட்டின் கணக்கு. பிறகு குறித்த தேதியில் மூன்று முறை பெயர் கூப்பிடுவார்கள். ஆள் வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி. வழக்குப் போட்டவர் சொல்வது மட்டும்தான் காதில் விழும். அவர் கொடுக்கிற ஒரு தாளுக்குப் பின்னால் இவ்வளவும் இருந்தது. அவரும் அதை மறந்தவர் இல்லை.

எழுபத்தேழு வரைக்கும் ஒரு சௌகரியம் இருந்தது. ஆள் இல்லாவிட்டால் அந்த வீட்டின் வயது வந்த ஆண் ஒருவர் கையில்தான் கொடுக்க வேண்டும். இது ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். "ஆம்பளை யாரும் இல்லீங்களே" என்று கதவிடுக்கிலிருந்து ஒரு குரல் வரும். அவர் திரும்பி நடப்பார். மூன்று முறை நடந்த பிறகு கதவில் ஒட்டுவார். அந்த வருஷம் சட்டத்தைத் திருத்தினார்கள். நாசர் கிருஷ்ணமூர்த்தி எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். சம்மன்களைப் பிரித்துக் கொடுத்து, திரும்ப வாங்குகிறவருக்குத்தான் கோர்ட்டில் நாசர் என்று பெயர்.

"இனிமே பொம்பளைங்க கையிலயும் குடுக்கலாம்யா. வயசு வந்த குடும்பத்து ஆள்னா போதும். ஆம்பளை இல்லை, அத்தை இல்லைன்னு ரிட்டன் எழுதிக்கிட்டு வராதீங்க."

"பாதி நடை மிச்சம் சார்" என்றார் காசிநாதன்.

மிச்சமாகவில்லை. பெண்களிடம் கொடுத்தால், இன்னாருக்கு இன்ன உறவு என்று எழுத வேண்டும். "வூட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்க வேண்டும். அங்கேதான் வண்டி நிற்கும். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது. மாமனார் பெயரையும் கூடாது. ஒருத்தி வானத்தைக் காட்டுவாள், சூரியமூர்த்தி. ஒருத்தி வாசல் மாட்டைக் காட்டிக் குழல் ஊதிக் காட்டுவாள், கோபால். பழனி என்ற பெயரை வாங்க ஓர் ஊரில் அரை மணி நேரம் ஆனது. அந்தப் பெண் நெற்றியில் திருநீறு பூசிக் காட்டினாள், தலையைத் தடவி மொட்டை என்றாள், கடைசியில் பக்கத்து வீட்டுச் சிறுமியைக் கூப்பிட்டு, "நீயே சொல்லிடு கண்ணு, இவரு காவடி எடுத்தாத்தான் போவாரு போலிருக்கு" என்றாள். காசிநாதன் இந்த விடுகதைகளில் கெட்டிக்காரர் ஆகிவிட்டார். பாதிக் குறிப்பிலேயே பெயரைச் சொல்லிவிடுவார். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவரைக் கவிழ்த்தது.

எழுபத்தொன்பது தை கடைசியில் சுக்கான்குறிச்சிக்கு ஒரு சம்மன் வந்தது. அய்யம்பெருமாள் மகன் செல்லக்கண்ணு, பிரதிவாதி. அவர் குடியிருக்கிற மனை தன்னுடையது, காலி செய்து தர வேண்டும் என்று பக்கத்து நிலக்காரர் சிவசுப்பிரமணியன் போட்ட வழக்கு. விசாரணை பிப்ரவரி பத்தொன்பது.

அன்றைக்கு அவர் பையில் இன்னும் மூன்று ஊர்ச் சம்மன்கள் இருந்தன. ஒரே ஒரு பஸ். வழக்கமாக வீட்டைக் காட்டுகிற தலையாரி ஒரு சாவுக்குப் போயிருந்தார். குடித்தெருவில் எதிர்ப்பட்ட ஒருவரிடம் "அய்யம்பெருமாள் மவன் வூடு எது?" என்று கேட்டார். அவர் ஒரு கூரை வீட்டைக் கைகாட்டிவிட்டு நடந்தார். வாசலில் ஒரு பெண் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இது அய்யம்பெருமாள் மவன் வூடுதானே?"

"ஆமாங்க."

"வூட்டுக்காரர் இருக்காரா?"

"சுண்ணாம்புக் கல்லு வெட்டப் போயிருக்காருங்க."

"நீ அவரு சம்சாரமா? உன் பேரு?"

"கொளஞ்சிங்க."

"அவரு பேரு?"

கொளஞ்சி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒரு விரலால் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

"கண்ணு. செல்லக்கண்ணு. அவ்ளோதானே" என்று காசிநாதன் எழுதிக்கொண்டார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மைப்பெட்டி திறந்து, அவள் கட்டைவிரல் உருண்டு, தாள் கைக்கு வந்துவிட்டது. என்ன வழக்கு என்று படித்துக் காட்டுவது அவர் வழக்கம். அன்று படிக்கவில்லை. "பத்தொம்பதாம் தேதி கோர்ட்டுக்கு வரச் சொல்லு" என்று மட்டும் சொன்னார். சாட்சிக் கையெழுத்துக்கு அந்த வழியாக மணியடித்துக்கொண்டு வந்த வெளியூர் ஐஸ்காரரை நிறுத்தினார். பஸ் அவருக்காக நிற்கவில்லை. ஓடித்தான் ஏறினார்.

பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது தனம் புது ரேஷன் கார்டைக் கொண்டுவந்து காட்டினாள். முந்தின மாதம் வீடு வீடாக வந்து எழுதிப் போனது, கடையில் கொடுத்திருந்தார்கள்.

காசிநாதன் வாங்கிப் பார்த்தார். குடும்பத் தலைவர் பெயர்: விசுவநாதன்.

"யாரு இது விசுவநாதன்?"

"யாருங்க?"

"இந்த வூட்டுக்கு நான் தலைவர் இல்லையா? விசுவநாதன்னு ஒருத்தன் இருக்கானே!"

தனம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ. நான் சரியாத்தாங்க சொன்னேன். அந்தப் பையன் பேரைக் கேட்டான். கங்கைக் கரையில சாமி இருக்கிற ஊருன்னேன். அவனும் தலையை ஆட்டிக்கிட்டு எழுதினான்."

"ஊரைச் சொன்னா சாமியை எழுதிட்டுப் போயிருக்கான் முட்டாப் பய. கேட்டுத் தெரிஞ்சுக்க வேணாம்? பாதியைக் காட்டினா மீதியை இவனாவே..."

சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். கையில் உருட்டிய சோறு அப்படியே நின்றது. கண்ணு. கண்ணு என்றால் செல்லக்கண்ணு என்று யார் சொன்னது? ராசாக்கண்ணு, பிச்சைக்கண்ணு, சின்னக்கண்ணு என்று ஊருக்குப் பத்துக் கண்ணு இருக்கிறார்களே. அவள் வாயெடுத்தாளே, என்ன சொல்ல வந்தாள்?

"சைக்கிள்ல காத்து இருக்கா?" என்று கேட்டபடி எழுந்தார்.

"பாதிச் சோறு இருக்குங்க. ஞாயித்துக்கெழமை எங்க போறீங்க? கார்டை நாளைக்கு மாத்திக்கலாம்!"

அவர் தெருமுனை திரும்பியிருந்தார்.

மாசி வெயில். கல் லாரிகள் போய்ப் போய்ச் சாலை மாவாகக் கிடந்தது. இரண்டு மணி நேரம் மிதித்துச் சுக்கான்குறிச்சியில் இறங்கியபோது தலைமுடி, மீசை எல்லாம் வெளுத்திருந்தது. கொளஞ்சி வீட்டு வாசலில் இன்றைக்கு ஓர் ஆள் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"உங்க பேருங்க?"

"சாமிக்கண்ணு."

காசிநாதன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றார். "செல்லக்கண்ணு?"

"எங்க அண்ணன். அந்தப் பேரை இங்க எடுக்காதீங்க. பூவரச மரத்தை அவரு பக்கம்னு சொல்லி ரெண்டு வருசமா பேச்சு கெடையாது. இப்ப கோர்ட்டுல வேற கேஸு போட்டிருக்காரு."

"உங்க மேலயா? யாரு சொன்னா?"

"காயிதம் நீங்கதானே குடுத்தீங்க! மரத்துக் கேஸுன்னு தெரியாதா எனக்கு? நான் வரமாட்டேன். போட்டவரே போயிட்டு வரட்டும்."

காசிநாதனுக்கு இப்போதுதான் புரிந்தது. அண்ணன் வீட்டுக்கு வந்த சம்மன், அண்ணன் போட்டதாக நினைத்துத் தம்பி வீட்டுக் கூரையில் செருகிக் கிடக்கிறது. கொளஞ்சி அதை உருவி எடுத்து வந்தாள். ஒரு மூலையைச் செல் அரித்திருந்தது.

"ஏம்மா, நான் செல்லக்கண்ணுன்னு எழுதினப்ப இல்லைன்னு சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சொல்ல வுட்டீங்களா? நான் கண்ணைத்தான் காட்டினேன். சாமியைக் காட்டுறதுக்குள்ள மைய அப்பிட்டு ஓடிட்டீங்க" என்றாள் கொளஞ்சி. "எனக்குப் பொழுது சாயிற வரைக்கும் வெரலு கறுப்பா கெடந்துச்சு."

நாலு வீடு தள்ளிச் செல்லக்கண்ணு வீடு. அங்கே அவர் மனைவி வேம்பு மட்டும் இருந்தாள். செல்லக்கண்ணு கரும்பு வெட்ட எறையூர்ப் பக்கம் போய் இருபது நாள் ஆகிறது. இந்தப் பருவம் முடிந்துதான் வருவார். காசிநாதன் இந்த முறை வரி வரியாகப் படித்துக் காட்டினார். வேம்பு நின்றுகொண்டே கேட்டாள். கடைசியில் உள்ளே போய், தகரப் பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் துணிப் பொட்டலத்தை எடுத்து வந்தாள்.

"இது கவுருமெண்டு குடுத்த குடியிருப்புப் பட்டா. மனை எங்களுதுன்னு இதுல இருக்கு. அப்புறம் எப்படிங்க அவரு கேக்கலாம்?"

"இதைக் காட்டினா அவரு கேஸு நிக்காதும்மா. ஆனா நாளைக்கு யாராச்சும் போய் நிக்கணும். இல்லைன்னா இதைப் பாக்க ஆளே இல்லாம தீர்ப்பு ஆயிடும்."

"நாளைக்கா? காயிதம் எப்ப வந்துச்சு?"

அவர் கோந்து ஒட்டிய சட்டைப் பக்கத்தைச் சுரண்டினார். "பதினஞ்சு நாளாச்சு. நான் வூடு மாத்திக் குடுத்துட்டேன்."

வேம்பு அவரையே பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். "காலையில மொத பஸ்ஸு எத்தினி மணிக்கு?" என்று கேட்டாள்.

திரும்பி வரும்போது மனத்துக்குள் ஒரு வழி பிடிபட்டிருந்தது. வேம்பு வந்து, பெயர் கூப்பிட்டதும் உள்ளே போய், "புருசன் வெளியூருங்க, வாய்தா வேணுங்க" என்று சொன்னால் போதும். தேதி தள்ளிப் போகும். ஆள் வந்துவிட்டதால் சம்மனை யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள். அவர் எழுதிய பொய்ச் சத்தியம் கட்டுக்குள்ளேயே கிடந்துவிடும். வேலையும் தப்பும், மனையும் தப்பும். இது நியாயமா என்று ஒரு கேள்வி வந்தது. வேகமாக மிதித்தார்.

திங்கட்கிழமை காலை வேம்பு வந்துவிட்டாள். கோர்ட் வராண்டாவில் சுவரோரம் அவளை உட்கார வைத்து இரண்டு முறை சொல்லிக்கொடுத்தார்.

"கூப்பிட்டதும் எந்திரிச்சு உள்ள வரணும். என்னா சொல்லணும்?"

"வாய்தா வேணுங்க."

"சத்தமா."

"வாய்தா வேணுங்க!" பக்கத்தில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

எல்லாம் சொன்னார். என்ன பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதைச் சொல்லவில்லை. அது அவருக்குத் தோன்றவே இல்லை.

பதினொன்றரை மணிக்கு வழக்கு வந்தது. பெயர் கூப்பிடுகிற டவாலி கதவோரம் வந்து நின்று குரல் கொடுத்தார். "அய்யம்பெருமாள் மகன் செல்லக்கண்ணு!"

காசிநாதன் கூடத்துக்குள் சுவரை ஒட்டி நின்றிருந்தார். கதவு வழியாக வேம்பு தெரிந்தாள். அவள் எழவில்லை. தலையைக் குனிந்து, முந்தானையைத் தோளில் இழுத்துக்கொண்டாள்.

"செல்லக்கண்ணு!"

வேம்பு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். புருஷன் பெயரை நடு வெளியில் ஒருவர் கத்தும்போது ஒரு பெண் என்ன செய்வாளோ அதைத்தான் செய்தாள். தன்னைக் கூப்பிடுவதற்காக அவள் இன்னும் காத்திருந்தாள்.

"செல்லக்கண்ணூ!"

சிவசுப்பிரமணியனின் வக்கீல் எழுந்தார். "சார்வு ஆயிருக்கு சார். பிரதிவாதி ஆஜராகலை. எக்ஸ்பார்ட்டி போடணும்."

முன்சீப் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். காசிநாதன் கை நீட்டி வேம்புவைக் கூப்பிட்டார். அவள் பார்க்கவில்லை. பேனா தாளில் பட்டது.

"சார்வு ஆகலீங்க!"

கூடத்தில் எல்லோரும் திரும்பினார்கள். பேசியது தான்தான் என்பது அவருக்கே ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது.

"யாருய்யா அது?"

"காசிநாதனுங்க. சம்மன் குடுக்கிறவன்."

"நீதானே சத்தியம் பண்ணி ரிட்டன் போட்டிருக்கே? பிரதிவாதியின் மனைவி கொளஞ்சி வாங்கிக்கொண்டார்னு?"

"கொளஞ்சி அவரு தம்பி சம்சாரங்க. வூடு மாறிப்போச்சு. தப்பு என்னுதுங்க." நாசர் கிருஷ்ணமூர்த்தி மேஜைக்குப் பின்னாலிருந்து கண்ணாலேயே அவரை அடக்கப் பார்த்தார். காசிநாதன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "அவரு சம்சாரம் வெளியில இருக்காங்க. பேரைக் கூப்பிட்டது அவங்களைத்தான்னு தெரியலீங்க."

வக்கீல் ஆட்சேபம் என்றார். முன்சீப் கையமர்த்திவிட்டு வேம்புவை வரச் சொன்னார். அவள் உள்ளே வந்து, யாரும் கேட்பதற்கு முன்பே, "வாய்தா வேணுங்க!" என்றாள். கூடம் சிரித்தது.

"தரேம்மா. உன் புருஷன் பேரு என்ன?"

வேம்பு வாயை மூடிக்கொண்டாள்.

"பேரு தெரியாமயா குடித்தனம் பண்றே?" என்றார் வக்கீல்.

அவள் மஞ்சள் துணியை அவிழ்த்தாள். பட்டாவைப் பிரித்து மேஜை மேல் வைத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தத் தாளில் அந்தப் பெயர் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று தெரியும். மூன்றாவது வரியில் விரலை வைத்து, "இதுதாங்க" என்றாள்.

முன்சீப் அந்த வரியைப் படித்தார். பிறகு விரலை மெல்ல விலக்கச் சொல்லிவிட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

எக்ஸ்பார்ட்டி போடவில்லை. புதுச் சம்மனுக்கு உத்தரவானது. பதினைந்து நாளில் வேம்புவே எறையூர் போய்ப் புருஷனை அழைத்து வந்தாள். காசிநாதனுக்கு அன்று மாலையே மெமோ. "வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. அவன் பின்னால வந்து எக்ஸ்பார்ட்டியை ரத்து பண்ணச் சொல்லி மனு போட்டுக்கிட்டிருப்பான்" என்றார் நாசர். "எப்படி சார் போடுவான்? தீர்ப்பானதே அமீனா வந்த பெறகுதானே தெரியும்?" என்றார் காசிநாதன். ஒரு வருஷம் சம்பள உயர்வு நின்றது. பணிப் பதிவேட்டில் சிவப்பு மையில் இரண்டு வரி ஏறியது. ரேஷன் கார்டில் விசுவநாதன் இன்னும் நாலு மாதம் குடும்பத் தலைவராக இருந்தார்.

சிவில் வழக்கு ஒரு தேதியில் முடிகிற சமாசாரம் இல்லை. எண்பத்திரண்டு ஐப்பசியில், கீழப்பழுவூரில் புறப்பட்ட பஸ்ஸில், காசிநாதன் இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முன்பக்கப் பெண்கள் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அமீனா சார்! சேதி தெரியுங்களா? கேஸு தள்ளுபடி ஆயிடுச்சு! மனை எங்களுதுன்னு சொல்லிட்டாங்க!"

வேம்பு. பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவருக்கு அந்தச் சேதி தெரியும். அவர் பையில், சப் கோர்ட்டிலிருந்து நேற்று வந்த இன்னொரு சேதியும் இருந்தது. சுக்கான்குறிச்சிக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். பிறகு நெரிசலில் முன்னால் நகர்ந்து போனார்.

"சிவசுப்பிரமணியன் அப்பீல் போட்டிருக்காரும்மா."

வேம்புவின் சிரிப்பு நின்றது. அவர் முகத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். "எங்க பேருக்கு காயிதம் இருக்குதா அதுல?"

"இருக்கு. வூட்டுக்கு வந்து குடுக்கலாம்னு..."

"வூட்டுக்கு வந்து நீங்க யாரு வூட்டுல குடுப்பீங்களோ" என்று அவள் கையை நீட்டினாள். "இங்கயே குடுங்க. அந்தப் பட்டா என்னா தேஞ்சா போயிடுச்சு?"

பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். காசிநாதன் முதல் முறையாக அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்து, பையைத் தொடையில் வைத்து மைப்பெட்டியைத் திறந்தார். முதலில் நோட்டீஸைப் படித்துக் காட்டினார். சாலைப் பள்ளத்தில் பஸ் குலுங்கியது. மை அவர் விரலிலும் சேர்ந்து அப்பிக்கொண்டது.

"என்னா சார், கோர்ட்டை பஸ்ஸுக்கே கொண்டாந்துட்டீங்களா?" என்றார் கண்டக்டர்.

"கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லுங்க" என்றார் காசிநாதன். "கைநாட்டு கோணலாப் போச்சுன்னா கேள்வி கேப்பாங்க."